சீல் வைத்த சன்னல்

“போறதுக்கு முந்தியே எப்படீங்க வரையறது?”

“போயிட்டு வந்து வரைஞ்சு, அது நல்லா இல்லாமப் போச்சுன்னா யாரு பொறுப்பு கண்ணு?”

“இல்லீங்க, அங்க போய்ப் பாத்து, ஏதாச்சும் மனசுல பட்டாத்தானுங்க...”

“உம் மனசுல படறதுக்கு முந்தி எங்க கண்ணுல பட்டுரோணும். சாம்பிள் பாக்காம எந்தப் பையராவது ஆர்டர் குடுத்திருக்கானா? நாங்க மட்டும் குடுப்பமா?”

இப்படிக் கேட்டவர் ஆத்தப்பன். திருப்பூரில் மூன்று யூனிட்டுகளுக்கு முதலாளி. அதற்கு மேல், கொங்குப் பின்னலாடைக் கலை ஊக்கக் கழகத்தின் தலைவர். எதிரில் நின்றவன் டேனியல். நல்லூரில் ஒரு பிரின்டிங் யூனிட்டில் பதினோரு வருடமாகப் பனியன்களுக்குப் படம் வரைகிறவன். போகாத கடற்கரை, ஏறாத மலை, ஓட்டாத மோட்டார் சைக்கிள் எல்லாம் அவன் கைக்கு மனப்பாடம். அவன் வரைந்து ‘நாபொலி 1962’ என்று கீழே எழுதிய மீன்பிடிப் படகு ஒன்று ஐரோப்பாவில் இரண்டு சீசன் ஓடியது. அந்த 1962இல் அவனுடைய அப்பாவே பிறந்திருக்கவில்லை.

கழகம் பிறந்ததற்குக் காரணம் ஒரு சாப்பாடு. மிலானிலிருந்து சரக்கு வாங்க வந்திருந்த பையர் ஒருவர், விருந்துக்கு நடுவில், உங்கள் ஊரில் கலை என்ன இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த இருபது ஏற்றுமதியாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரிடமும் ஸ்டாக் இல்லை. அடுத்த மாதமே கழகம் பதிவு செய்யப்பட்டது. கலையை இத்தாலியிலிருந்தே கொண்டுவந்துவிடுவது என்றும், அதற்கு ஓர் ஓவியனை மூன்று மாதம் அங்கே ஒரு மலையூரில் தங்கவைப்பது என்றும், அவன் இன்ஸ்பிரேஷன் பெற்று ஒரு படத்தோடு திரும்புவது என்றும் தீர்மானம் நிறைவேறியது.

“எட்டு நாள் டைமுங்க,” என்றாள் செயலாளர் தரணி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் ஆத்தப்பன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். “பதினெட்டுக்கு இருபத்து நாலு இஞ்சு. மலையூரு, கல்லு வீடு, சன்னலு. மனுசங்க யாராச்சும் ஒருத்தர் இருக்கோணும்.”

“ஆளில்லீன்னா படம் காலி கோடவுன் மாதிரி தெரியுமுங்க,” என்றார் தரக் கட்டுப்பாட்டு உறுப்பினர் தங்கராஜ். அவரும் ஆத்தப்பன் கம்பெனி ஆள்தான். அவர் கழுத்தில் இஞ்சு டேப் எப்போதும் தொங்கும். கல்யாண வீட்டுப் போட்டோவிலும் தொங்கும்.

டேனியல் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் நாலைந்து மலையூர்களைப் பார்த்துவிட்டு, அவற்றில் எதுவும் இல்லாத ஒன்றை வரைந்தான். சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கல் வீடுகள். பதின்மூன்று சன்னல்கள். பன்னிரண்டைச் சாத்தி வைத்தான். திறந்திருந்த ஒன்றில் ஒரு பெண்ணை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு எதையோ நினைத்தபடி அவள் மூக்கை வரைந்துகொண்டிருந்தபோது, தூரிகையின் நுனியிலிருந்து விஜயகுமாரி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

விஜயகுமாரி அவனுடைய அக்கா. ஆத்தப்பனின் இரண்டாவது யூனிட்டில் பத்தொன்பது வருடம் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து வரும் பீஸ்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை டிரிம்மரால் டிக் டிக் என்று வெட்டி, ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவது அவள் வேலை. ஸ்டிக்கரில் இருக்கும் அம்பு குறையைக் காட்டும். வீட்டுக்கு வந்தால் தம்பி வரைந்த படங்களிலும் ஒட்டுவாள். “இந்தக் காலு யாரோடது சாமி? ஆட்டோடதா, ஆளோடதா?” என்பாள். அவன் வரையக் கற்றது அந்த அம்புகளைக் கோபத்தோடு பிய்த்துப் பிய்த்துத்தான்.

சென்ற ஆடியில் ஒரு ஷிப்மென்ட் நாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவள் மேசைமேல் தலை சாய்த்தாள். பத்தொன்பது வருடத்தில் சூப்பர்வைசர் அவளைத் தூங்கட்டும் என்று விட்டது அன்று ஒரு நாள்தான். அவள் பார்த்து முடித்திருந்த பீஸ்கள் எல்லாம் பாஸ் ஆகி மாலையே தூத்துக்குடிக்கு லாரி ஏறின.

அடக்கம் முடிந்த பிறகு, கம்பெனியின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும் என்றார்கள். டேனியல் கொடுத்தான். அவள் முகம் முகமாக இருந்த ஒரே போட்டோ அதில்தான் இருந்தது என்பது கொடுத்த பிறகு தெரிந்தது. அவளுடைய போன் உயிர்விட்டிருந்தது. ஆதார் அட்டையில் இருந்தவள் திருப்பூரில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். தை மாதம் வருவதற்குள் கண்ணை மூடினால் அவனுக்கு அவள் கை தெரிந்தது, சடை தெரிந்தது, கழுத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. பெற்ற தாயை மறந்தவனைக் கூட உலகம் மன்னிக்கும், படம் வரைகிறவன் அக்காவின் முகத்தை மறந்தால் அவனை அவனே மன்னிக்க மாட்டான். அந்த முகம்தான் இப்போது தானாக வந்து சன்னலில் நிற்கிறது. அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

எட்டாம் நாள் காலை தரணியின் ஆள் வந்து படத்தை வாங்கிப் போனான். ஈரம் காயட்டும் என்று டேனியல் இரவெல்லாம் மின்விசிறி போட்டிருந்ததில், போட்டோ எடுக்க வேண்டும் என்பதே படம் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆளின் பின்னாலேயே பைக்கில் போனான்.

கழகத்தில் தங்கராஜ் படத்தை அளந்துகொண்டிருந்தார். “சன்னல் பதிமூணு. மூடினது பன்னெண்டு, தொறந்தது ஒண்ணு. பொம்பளை ஒண்ணு. மேகம் மூணு. சரிங்க, ஓகே.”

“ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறனுங்க,” என்றான் டேனியல்.

“சாம்பிள் ரூமுக்குள்ள போன் ஆகாதுங்க. டிசைன் வெளிய போயிரும்,” என்றாள் தரணி.

“வரைஞ்சதே நான்தானுங்க.”

“அதனாலதான் உங்ககிட்ட ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோணும்.”

படம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போனது. உறையின் வாயில் டேப். டேப்பின்மேல் மூன்று கையெழுத்து. கையெழுத்தின்மேல் சிவப்பு அரக்கு. திருப்பூரில் இதற்குப் பெயர் சீல்டு சாம்பிள். இனிமேல் உண்டாக்குகிற சரக்கு உறைக்குள் இருக்கிற சரக்கைப் போலவே இருக்க வேண்டும்.

“இதை எப்பங்க திருப்பித் தருவீங்க?”

“ஃபைனல் படம் வந்தப்பறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம். பாத்துட்டு இதை வெட்டீருவோம்,” என்றாள் தரணி. “கழகச் சட்டம் பதினாலு. சாம்பிள் வெளி மார்க்கெட்டுக்குப் போயிரக் கூடாதுல்லீங்க?”

ஆக, டேனியலுக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் உறைக்குள் இருக்கிற முகத்தை இத்தாலியில் இன்னொரு முறை வரைந்துவிட வேண்டும்.

ரோமில் இறங்கி, ரயிலில் நாலு மணி நேரம் போய், ஒரு பஸ் பிடித்து, அவன் மொந்தேரூவோ என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். பஸ் திரும்பிப் போன பிறகு தலையைத் தூக்கினான். சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கல் வீடுகள். அவன் வரைந்த ஊர். மேகம் மட்டும் இரண்டுதான் இருந்தது. அவன் அதைக் கழகத்துக்குத் தெரிவித்தான். மூன்றாவது வரும்வரை காத்திருக்கும்படி பதில் வந்தது.

கழகம் அவனோடு ஒரு ஷேடு கார்டையும் அனுப்பியிருந்தது. அதில் இத்தாலிய வெயிலுக்கு ஏற்பளிக்கப்பட்ட மஞ்சள் ஆறு கட்டங்களில் இருந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதைச் சுவரில் விழும் வெயிலோடு வைத்துப் பார்த்து எழுத வேண்டும். முதல் வாரமே வெயில் இரண்டு ஷேடு அடர்த்தியாக இருந்தது. “சாய லாட் மாறியிருக்கும். நாளைக்கு வர்ற வெயிலைப் பாருங்க,” என்று தங்கராஜ் குரல் பதிவு அனுப்பினார். அதோடு ஒரு தினசரிப் படிவமும் உண்டு. ‘இன்று இன்ஸ்பிரேஷன்: வந்தது / வரவில்லை / வந்துகொண்டிருக்கிறது.’ டேனியல் முதல் இருபது நாளும் மூன்றாவதில் டிக் அடித்தான். திருப்பூரில் எல்லாச் சரக்கும் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும்.

சுவரும் கூரையும் பன்னிரண்டு சன்னல்களும் அவன் கைக்கு ஓடி வந்தன. பதின்மூன்றாவது சன்னல் வரவில்லை. மூக்கு வந்தால் அது தரணியின் மூக்காக இருந்தது. கண் வந்தால் பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்திருந்த கிழவியின் கண்ணாக இருந்தது. அழித்து அழித்து அந்த இடத்தில் கான்வாஸ் துணி நைந்துபோயிற்று.

அந்த ஊரில் மத்தியானம் ஒன்றிலிருந்து நான்குவரை எல்லாச் சன்னல்களையும் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். நாய்கூடக் குரைக்காது. வெயில் மட்டும் தெருவில் நிற்கும். அப்படி ஒரு மத்தியானம், மணி மூன்று இருக்கும், அடுத்த அறையில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. டேனியல் தூரிகையை நிறுத்தினான். நூல் வெட்டுகிற டிரிம்மர். உலகத்தில் வேறு எதுவும் அப்படிச் சத்தம் போடாது. எழுந்து போய்ப் பார்த்தான். காலி அறை. தரையில் சாம்பல் நிற நூல் துண்டுகள் நாலைந்து கிடந்தன. திருப்பூர்க்காரன் சட்டையிலிருந்து உலகம் பூரா நூல் உதிரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான்.

படத்தில், பதின்மூன்றாவது சன்னலில், ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அம்பு முகம் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டியது.

அவன் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினான். ஸ்டிக்கர் ரோல் எதையும் அவன் கொண்டுவரவில்லை. அதைப் பிய்த்துப் போட்டான். மறுநாள் மூன்று மணிக்கு இன்னொன்று இருந்தது.

“அக்கா,” என்றான் வெற்று அறையைப் பார்த்து. “குறை தெரியுது. சரி பண்ணத்தான் தெரியல.”

அன்று மாலை வீட்டுக்காரி லூச்சியா சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. மூன்றாவது யாருக்கு என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டான். உன்னோடு வந்திருக்கும் பெண்மணி பகலெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறாள், இரவிலாவது உட்கார்ந்து சாப்பிடச் சொல், என்று போன் தெளிவான தமிழில் வாசித்தது.

டேனியல் பொய் சொல்லத் தெரியாதவன். அன்றைய படிவத்தில் ‘குறிப்பு’ என்ற இடத்தில், ‘அக்கா வந்திருப்பதுபோல் இருக்கிறது’ என்று எழுதினான்.

ஐந்து நிமிடத்தில் தரணி கூப்பிட்டாள். “ஏனுங்க டேனியல், ஸ்டே அப்ரூவல் ஒருத்தருக்குத்தானே? ஃபேமிலியெல்லாம் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு படிச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

“அவங்க எறந்துட்டாங்கங்க. போன ஆடியில.”

எதிர்ப்பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. “அப்ப ஒரு லெட்டர் குடுத்துருங்க. ஃபைல்ல வெச்சுக்கறேன்.”

பக்கத்திலிருந்து தங்கராஜின் குரல் கேட்டது. “எந்த விசாவுல வந்தாங்கன்னு கேளும்மா.”

இரண்டாம் மாதக் கடைசியில், கலைஞன் பயணம் செய்தால் இன்ஸ்பிரேஷன் விரைவில் வரும் என்று கழகம் அவனை மூன்று நாளில் ஏழு ஊர் பார்த்துவரச் சொன்னது. ஒவ்வோர் ஊரிலும் போன் திரையில் இடத்தின் பெயர் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆறாவது ஊரில் பஸ் தவறிப் போய், ஒரு சின்ன மாதா கோயிலுக்குள் போய் உட்கார்ந்தான். சுவர் முழுக்கப் பழைய ஓவியம். அறுநூறு வருட ஈரத்தில் சாந்து உதிர்ந்து, வரிசையாக நின்ற புனிதர்களில் ஒருவருக்கு முகமே இல்லை. அங்கியின் மடிப்பு இருந்தது, விரல்கள் இருந்தன, தலைக்குப் பின்னால் தங்க வட்டம் இருந்தது. நடுவில் வெறும் சுண்ணாம்பு.

முகம்தான் முதலில் போகும் போலிருக்கிறது. வட்டம் இருந்துவிடும். அக்காவின் டோக்கன் நம்பர் 412 இன்னும் கம்பெனி ரிஜிஸ்டரில் இருப்பதுபோல. டேனியல் அந்த வெற்றுச் சுண்ணாம்பின் முன்னால் கடைசிப் பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்தான். அழுகை வந்துகொண்டிருந்தது. படிவத்தில் இதற்கு எந்தக் கட்டம் என்று தெரியாமல், முதல் முறையாக ‘வந்தது’ என்பதில் டிக் அடித்தான். திருப்பூரில் இனிப்பு வழங்கினார்கள்.

மொந்தேரூவோவுக்குத் திரும்பி வந்து பதின்மூன்றாவது சன்னலை முடித்தான். சடை, தோள், சன்னல் கட்டையில் ஊன்றிய இரண்டு கை. மேலே முகமில்லாத சுண்ணாம்பு. வெளிச்சம் அதன்மேல் அப்படியே விழுந்தது. இதுவரை அவன் வரைந்ததில் இதுதான் நல்ல படம் என்று அவனுக்கே தெரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்குச் சுண்ணாம்பின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விஜயகுமாரி அதைப் பாஸ் செய்யவில்லை.

மூன்று மாதம் முடிந்து அவன் திருப்பூர் திரும்பியபின், கழக அரங்கில் ஒப்பீட்டு விழா புதன்கிழமை காலை பத்தரைக்கு. பூக்கோலம், குத்துவிளக்கு, முன்வரிசையில் நாற்பது ஏற்றுமதியாளர்கள். ஆத்தப்பன் பேசினார்.

“எல்லாரும் கேக்கறாங்க, கலைக்கு எதுக்குங்க சாம்பிள்னு. நான் சொல்றனுங்க. ஒரு ஆளோட மனசுல என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததை நாம எப்படிங்க ஏத்துமதி பண்றது? எங்க யூனிட்ல நாலாயிரம் பேர் வேலை செய்யறாங்க. ஒருத்தர் மனசுல என்ன இருக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. தெரியாமயே முப்பது வருசம் கம்பெனி நல்லா ஓடுது!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தங்கராஜ் டேனியலின் ஓவியத்தை மேசையில் விரித்து அளந்தார். சன்னல் சரி. மேகம் சரி. டேப் பதின்மூன்றாவது சன்னலில் நின்றது. “ஃபேஸ் மிஸ்ஸிங்குங்க. மேஜர் டிஃபெக்ட்.”

“சாம்பிள்ல இருந்துச்சா?” என்றார் ஆத்தப்பன்.

“இருந்துச்சுங்க,” என்றான் டேனியல். மூன்று மாதமாக அவன் காத்திருந்தது உறை திறக்கும் இந்த நிமிடத்துக்குத்தான்.

அரக்கை உடைத்தார்கள். மூன்று கையெழுத்தும் மூன்று பேராலும் சரிபார்க்கப்பட்டன. தரணி படத்தை உருவி மேசையில் வைத்தாள்.

விஜயகுமாரி அங்கே இருந்தாள். நெற்றியில் மாட்டுக்கொம்பு கீறிய தழும்பு, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிய உதடு, எதையும் சட்டென்று நம்பாத அந்தக் கண். எப்படி மறந்தான் இதை?

“இதென்னங்க ஸ்டிக்கரு?” என்றாள் தரணி.

சன்னலுக்கு வெளியே, கல் சுவரின்மேல், ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கர். அம்பு படத்தில் எந்தக் குறையையும் காட்டவில்லை. படத்தின் விளிம்பைத் தாண்டி, நேராக ஆத்தப்பனின் நாற்காலியைக் காட்டியது.

“சீல் பண்றப்ப இது இல்லீங்களே,” என்றார் தங்கராஜ். தலைவரை அம்பு காட்டுவது மரியாதை இல்லை என்று அவர் படத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அம்பு இப்போது தரணியைக் காட்டியது. அவள் அவசரமாக மறுபடி திருப்பினாள். தங்கராஜைக் காட்டியது. முன்வரிசை நாற்காலிகள் மெதுவாகப் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கடைசியில் நாலு பேர் சேர்ந்து மேசையையே சுவர்ப்பக்கம் தள்ளினார்கள். அந்தச் சுவரில் நிறுவனர் ஆத்தப்பனின் பெரிய போட்டோ மாட்டியிருந்தது.

ஆத்தப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “இந்தப் பொண்ணை எங்கியோ பாத்திருக்கறனே.”

“நம்ம ரெண்டாவது யூனிட்டுங்க. செக்கிங், டேபிள் நாலு,” என்றார் தங்கராஜ். “நானூத்திப் பன்னெண்டு.”

“விஜயகுமாரிங்க,” என்றான் டேனியல். “எங்க அக்கா.”

“ஆமாமா. நல்ல பொண்ணு கண்ணு. பத்தொம்பது வருசத்துல ஒரே ஒண்ணுதான் கேட்டுச்சு எங்கிட்ட. அதனாலதான் மூஞ்சி நெனப்பிருக்குது. என்ன கேட்டுச்சுன்னுதான் வரமாட்டேங்குது.”

“டேபிள் பக்கத்துல ஒரு சன்னல் கேட்டுச்சுங்க,” என்றார் தங்கராஜ். “வெளி வெளிச்சம் உள்ள வந்தா ஷேடு மாறித் தெரியும்னு நாமதான் வேண்டாம்னு சொன்னமுங்க.”

“கரெக்ட்டாத்தான் சொல்லியிருக்கறோம்,” என்றார் ஆத்தப்பன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து, சபைக்குக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். முகம் இல்லாத படமே இருக்கட்டும். முகம் இல்லாவிட்டால் பார்க்கிறவர் தமக்குப் பிடித்த யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். பையருக்கும் சங்கடமில்லை. அது பாஸ். சாம்பிளைச் சட்டம் பதினாலின்படி வெட்டிவிடலாம்.

கைதட்டினார்கள். யாரும் ஸ்டிக்கரைத் தொட முன்வராததால், வெட்டும் வேலை கலைஞனுக்கே என்று முடிவாயிற்று. தரணி கட்டிங் செக்சனிலிருந்து வரவழைத்த பெரிய கத்தரிக்கோலை டேனியலின் கையில் கொடுத்தாள். குறுக்காக, நடுவில், ஒரே வெட்டு என்றாள். நடு என்பது சரியாகப் பதின்மூன்றாவது சன்னல்.

அவன் படத்தின் முன்னால் போய் நின்றான். மேடைக்குப் பின்னால் எங்கேயோ காலையிலிருந்து டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஏசி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது அது நின்றுவிட்டது. யாரோ வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பதுபோல இருந்தது. டேனியல் கத்தரிக்கோலைத் தாழ்த்திக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினான்.

“ஏனுங்க,” என்றான். “அந்தச் சன்னலை மட்டும் விட்டுட்டு வெட்டிக்கட்டுங்களா?”